முதல் நாள் பாடநூலை நீட்டாதீர்கள்

போன மாதம் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு பாடசாலைக்குப் பல்கலைக்கழக மாணவத் தொண்டர்களோடு போயிருந்தேன். வாசிப்புத் திட்டத்தின் முதல் நாள். ஒரு தொண்டர் தமிழ்ப் பாடநூலைத் திறந்து நீட்டினார். பிள்ளை தடங்கலின்றிச் சொல்லி முடித்தது. பதிவேட்டில் ‘நன்று’ என்று எழுதினார். எனக்குள் பழைய கோபம் எழுந்தது. மாணவத் தொண்டனாக இருந்தபோது நானும் இதையே செய்தேன்.

நேரத்துக்குப் போவது, அதிபரைக் கேட்டு வகுப்புக்குள் நுழைவது எல்லாம் எவருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். தொண்டர்கள் தெரியாமல் விடும் பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

பாடநூலை வைத்துச் சோதித்தல்

மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படுவதற்கு முந்தைய காலம். வாரந்தோறும் படகுப்பாதையில் வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவோம். தரம் 4இல் ஒரு சிறுமி முதல் நாளே பாடம் முழுவதையும் மணிமணியாக ஒப்புவித்தாள். வாசிக்கத் தெரிந்தவர்கள் குழுவில் சேர்த்து, ஒரு வருடம் கதைப் புத்தகங்களாகக் கொடுத்தோம். ஆண்டிறுதியில் அவள் பக்கத்தில் குந்தியிருந்தபோதுதான் கவனித்தேன்: வாய் மூன்றாம் வரியில், விரல் ஐந்தாம் வரியில். புத்தகத்தை மெல்ல மூடினேன். குரல் நிற்கவில்லை.

ஒரு தாளில் ‘கொடி’ என்று எழுதினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு “கெரடி” என்றாள்.

அவளுடைய சிக்கல் முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருந்தது. 247 எழுத்து என்று மலைக்கத் தேவையில்லை. 12 உயிர், 18 மெய், சில குறிகள் பிடிபட்டால் பெரும்பகுதி வந்துவிடும். ஆனால் கொம்பு (ெ) மெய்க்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ஒகரத்தில் கொம்பு முன்னும் அரவு (ா) பின்னும். அரவு ரகரத்தைப் போலவே தெரிகிறது. அதை அவளுக்கு யாரும் பிரித்துக் காட்டவில்லை, நாங்களும் காட்டவில்லை. அடுத்த வருடம் தரம் 5. புலமைப்பரிசில் பரீட்சை நெருக்கத்தில் எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுக்க எவருக்கு நேரம்? அந்த ஒரு வருடத்தை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் நாங்கள். இன்றும் மனம் ஆறவில்லை.

ஆகவே முதல் நாள் பாடநூல் பையிலேயே இருக்கட்டும். பிள்ளை கண்டிராத ஐந்து வரிகளை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். தோணி, மேடு, பை, கொக்கு போன்ற சொற்கள் அதில் வரட்டும். ‘லொபி’, ‘தேமோ’ என்று பொருளற்றவையும் சில வேண்டும். அவற்றை ஊகிக்க முடியாது, எழுத்தைப் பார்த்தே ஆகவேண்டும். பிள்ளை விட்ட பிழையை அப்படியே பதியுங்கள். ‘கெரடி’ என்றிருந்தால் அடுத்த வாரம் வருகிறவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியும்.

பேச்சைத் திருத்துதல்

பிள்ளை ‘மறுகா’ என்றால் ‘பிறகு’ என்று இடைமறிக்காதீர்கள். கதை சொல்லத் திறந்த வாய் மூடிவிடும். ‘மறுகா’வையே எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள்.

செமஸ்டரை மறத்தல்

பல்கலைக்கழகத்தின் செமஸ்டரும் பாடசாலைத் தவணையும் ஒத்துப்போவதில்லை. பரீட்சை வந்ததும் தொண்டர்கள் யாழ்ப்பாணத்துக்கும் மலையகத்துக்கும் திரும்பிவிடுவார்கள். பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இரண்டு நாட்காட்டிகளையும் அருகருகே வையுங்கள். மாரி வெள்ளம் வழியை மூடும் வாரங்களையும், பெரும்போக அறுவடைக்குப் பிள்ளைகள் பெற்றோருடன் வயல் வாடிக்குப் போகும் வாரங்களையும் கழியுங்கள். எஞ்சியதற்கே திட்டம் போடுங்கள்.

திறப்பு விழா

வேண்டாம். அந்தப் பணத்தில் தாளும் பென்சிலும் வாங்குங்கள்.

புத்தக அலுமாரியைப் பூட்டுதல்

கிழியட்டும். ஒட்டிக்கொள்ளலாம்.