சேலத்து வெயில், ஏற்காட்டுக் குளிர்: பாம்புத் தொட்டியின் சூட்டில் நாம் செய்யும் தவறுகள்

பங்குனி பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "அண்ணே, தெர்மோஸ்டாட்டை 32-ல வச்சிருக்கேன், தொட்டிக்குள்ள 37 காட்டுது. கெட்டுப்போச்சா?"

கெடவில்லை தம்பி. தெர்மோஸ்டாட்டுக்குத் தெரிந்தது ஒரே வேலை. சூடு போதும் என்றால் ஹீட்டரை அணைக்கும், குறைந்தால் போடும். சேலம் அம்மாப்பேட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மதியம் மூன்று மணிக்கு அறையே 37 டிகிரி என்றால் அது என்ன செய்யும், பாவம்! ஹீட்டரை அணைத்துவிட்டுச் சும்மா இருக்கும்.

நாம் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வீடியோக்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளில் எடுத்தவை. அங்கே அறை 20 டிகிரி, அதனால் பேச்செல்லாம் எப்படிச் சூடேற்றுவது என்பதிலேயே நிற்கும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு, சுமார் 1,500 மீட்டர். கீழே அக்னி நட்சத்திரத்தில் 40-ஐத் தொடும் ஊர், மேலே மார்கழியில் கம்பளி கேட்கும் ஊர். ஒரே பாம்புக்கு இரண்டு இடத்திலும் ஒரே ஏற்பாடு பொருந்தாது.

தொடங்கும் முன் ஒன்று. இங்கே பேசுவது பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருளும் ஆப்பிரிக்கப் பாம்பு), கார்ன் ஸ்நேக் போன்ற வெளிநாட்டு இனங்களைப் பற்றி மட்டும். சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு என்று நம்மூர்ப் பாம்பைப் பிடித்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தானையும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்துதான் வைத்திருக்க வேண்டும்.

பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. கார்ன் ஸ்நேக்குக்கு இரண்டு பக்கமும் இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கலாம். இந்த எண்களை விட முக்கியம் இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம். பாம்பு தன் உடம்பில் சூட்டை உண்டாக்கிக்கொள்வதில்லை. வேண்டும்போது சூட்டுப் பக்கம் போகும், போதும் என்றால் இந்தப் பக்கம் வரும். தொட்டி முழுக்க ஒரே 32 என்று வைத்துவிட்டுப் பெருமைப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பாம்புக்குப் போக இடமில்லை, அவ்வளவுதான். மறைவிடமும் இரண்டு வேண்டும், பக்கத்துக்கு ஒன்று. பால் பைத்தான் கூச்ச சுபாவம். ஒரே மறைவிடம் என்றால், உடம்புக்குச் சூடு தேவைப்பட்டாலும் ஒளிந்த இடத்தை விட்டு வராது.

இனி என் சொந்தத் தவறு. ஹீட் மேட்டின் (கரண்டில் சூடாகும் விரிப்பு) மேல் தெர்மோஸ்டாட்டின் புரோபை (சூட்டை உணரும் ஒயர் முனை) ஒட்டி வைத்திருந்தேன். ஒட்டு விட்டுப்போய், பாம்பு நெளிந்ததில் அது நகர்ந்து தண்ணீர்க் கிண்ணத்தின் ஓரம் விழுந்துவிட்டது. அங்கே 26 டிகிரி. ‘இன்னும் சூடு பத்தவில்லை’ என்று தெர்மோஸ்டாட் ராத்திரி முழுக்க மேட்டை எரிய விட்டிருக்கிறது. காலையில் தூக்கிப் பார்த்தால் வயிற்றுச் செதில் நான்கைந்து பழுப்பாகக் கருகி, ஓரம் சிவந்து கிடந்தது. இவ்வளவு சுட்டும் அது ஏன் நகரவில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். வயிற்றுக்கு அடியில் வரும் சூட்டிலிருந்து பாம்பு பல நேரம் விலகாது, படுத்தே கிடக்கும். ஆறுவதற்குள் மூன்று முறை சட்டை உரித்தது. இப்போது புரோபை மேட்டுக்கும் தொட்டியின் அடிப்பகுதிக்கும் நடுவில், வெளியிலேயே நிறுத்திவிட்டேன். உள்ளே வைப்பதென்றால் ஒயரைத் துளை வழியே இழுத்துக் கட்டுங்கள், டேப் வேண்டாம். டேப்பில் ஒட்டிக்கொண்ட பாம்பைப் பிரித்தெடுக்கும் பாடு எதிரிக்கும் வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டே இல்லாமல் மேட்டை நேராகப் பிளக்கில் சொருகுவதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கரண்டில் சூடாகும் சூட்டுக் கல்லும் வேண்டாம். ராத்திரியில் சிவப்பு பல்பும் வேண்டாம், அந்த வெளிச்சம் பாம்புக்குத் தெரியும். வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தரும் செராமிக் ஹீட்டர் என்றால் பீங்கான் ஹோல்டர், சுற்றிலும் கம்பிக் கூடு.

அளப்பதிலும் கோளாறு உண்டு. கண்ணாடிச் சுவரின் நடுவில் ஒட்டும் வட்ட மீட்டர் காட்டுவது காற்றின் சூடு, அதுவும் உத்தேசமாக. பாம்பு படுத்திருப்பது தரையில். தென்னை நார்த் தூளை நான்கு விரல் உயரம் கொட்டி, அடியில் மேட்டை வைத்தால் மேலே 28 இருக்கும், தோண்டிக்கொண்டு கீழே போனால் 40 இருக்கும். டெம்பரேச்சர் கன் நல்ல பொருள்தான், ஆனால் பளபளப்பான பரப்பில் தப்பாகக் காட்டும். தூளைக் கிளறி அடியில் பிடித்துப் பாருங்கள்.

சேலத்துக் கோடைக்கு வருவோம். குளிர் பாம்பை மெல்லத்தான் கெடுக்கும். சூடு அப்படியில்லை, 38-ஐத் தாண்டிய மூடிய தொட்டியில் சில மணி நேரமே போதும். ஜன்னலோரம் வெயில் படும் கண்ணாடித் தொட்டி இன்னும் மோசம். "ஃபேன் போட்டிருக்கேன் அண்ணே" என்பார்கள். நமக்கு வியர்வை காய்வதால் ஃபேன் சுகமாக இருக்கிறது. பாம்புக்கு வியர்க்காது, அதன் மேல் படுவது வெறும் அனல்காற்று. தொட்டியை மேஜையிலிருந்து தரைக்கு இறக்குங்கள், கீழ்வீட்டுக்கே கொண்டுபோனால் இன்னும் நல்லது. உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் குளிர்ந்த பக்கச் சுவருக்கு வெளியே சாய்த்து வைக்கலாம்.

எனக்குப் பிடித்தது மண்சட்டி. வாய் விளிம்பில் பாம்பு நுழையும் அளவு உடைத்து, முனையைக் கல்லில் தேய்த்து மழுக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் குளிர்ந்த பக்கம் கவிழ்த்துவிடுவேன். நம்மூர் வறண்ட வெயிலில் பானைத் தண்ணீர் குளிர்வது போலவே அதன் உள்ளேயும் குளிரும். ஈரப்பதமும் கிடைப்பதால் சட்டை கிழியாமல் உரியும். மேலே வலை மூடி இருக்க வேண்டும், புழுங்கவிடக் கூடாது.

இதே சட்டியை ஏற்காட்டில் மூடுபனிக் காலத்தில் வைத்தால் தப்பு. அங்கே ஈரம் காயாது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் நுரையீரலில் சளி பிடிக்கும். வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் குமிழி, மூச்சில் ‘கிர்’ சத்தம் என்று எதைக் கண்டாலும் மருத்துவரிடம் போங்கள். அவர் பாம்பு பார்ப்பாரா என்று முன்பே போனில் கேட்டுக்கொள்வது நல்லது.

மலையில் அடியில் வைக்கும் மேட் மட்டும் போதாது, அது காற்றைச் சூடாக்காது. மேலே செராமிக் ஹீட்டர் வேண்டும், அதற்கும் தெர்மோஸ்டாட் வேண்டும். கண்ணாடித் தொட்டி என்றால் மூன்று பக்கம் வெளியே தெர்மாகோல் ஒட்டுங்கள். மழைக்காலத்தில் கம்பி மேல் மரம் விழுந்து கரண்ட் போனால், தொட்டியைப் போர்வையால் மூடி, காற்றுக்கு இடம் விட்டு, வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி உள்ளே வையுங்கள். அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள்.

கரண்ட் நிலவரம் சரியாகும் வரை எலி போடவும் வேண்டாம். சூடு இல்லாவிட்டால் செரிக்காது, வயிற்றிலேயே அழுகிய எலியைக் கக்கிவிடும். ஒருமுறை அந்த நாற்றத்தைக் கழுவியவர் மறுபடி அவசரப்பட மாட்டார். கக்கினால் இரண்டு வாரம் விட்டு, சின்னதாக ஒன்று கொடுத்துப் பாருங்கள்.

பாம்பு வாங்கும் முன் தொட்டியை மட்டும் வாங்கி, எல்லாவற்றையும் ஓட விட்டு, அதிகபட்சமும் குறைந்தபட்சமும் பதிவாகும் டிஜிட்டல் மீட்டரை ஒரு வாரம் உள்ளே போடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து வீட்டில் இருக்கும் நண்பர் ஒருவர் மார்கழியில் அப்படிப் பார்த்தார். பகலில் எல்லாம் ஒழுங்கு. விடியற்காலைக் கணக்கு மட்டும் 17 என்று இருந்தது. அன்றே தெர்மாகோல் வாங்கக் கீழே இறங்கி வந்தார், பாம்பைத் தைக்குப் பிறகுதான் வாங்கினார்.