பெட்டியில் அச்சடித்ததை அப்படியே நம்பாதீர்கள்: கணினி, டிவி, தொழில்நுட்பச் செய்திகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி, போன், டிவி பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு. இருக்கட்டும், கருத்து சொல்ல யாரும் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கருத்துகளில் பல, பெட்டியின் மேல் அச்சடித்த ஒரு பெயரிலோ எண்ணிலோ தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. அந்த எண் எதை அளந்தது, எந்த நிலையில் அளந்தது என்று யாரும் கேட்பதில்லை. கீழே நான் சொல்லப்போகும் தவறுகள் பெரும்பாலும் இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவைதான்.

கணினிச் சில்லு விநாடிக்கு எத்தனை நூறு கோடி முறை துடிக்கிறது என்று சொல்லும் ஜிகாஹெர்ட்ஸிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் இந்தப் பழக்கத்தை நமக்குக் கற்றுக்கொடுத்ததே அதுதான். 2000-ல் பென்டியம் 4 சில்லு வந்தபோது இன்டெல் கிட்டத்தட்ட அந்த எண்ணைத்தான் விற்றது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்ற கேள்வி பின்னால் போய்விட்டது. கடைசியில் 3.8 ஜிகாஹெர்ட்ஸில் சூடு தாங்காமல் முட்டிக்கொண்டு நின்றது, 4 ஜிகாஹெர்ட்ஸ் சில்லை 2004-ல் கைவிட்டார்கள். 2006-ல் இன்டெல்லே கொண்டுவந்த கோர் 2 டுவோ சில்லு 3 ஜிகாஹெர்ட்ஸைக்கூடத் தொடாமல் அதைச் சுலபமாகத் தாண்டிப் போனது. இவ்வளவு நடந்தும் இன்றைக்கும் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சில்லுகளை வைத்துக்கொண்டு 'இது 4.2, அது 3.6, அப்போ இதுதான் வேகம்' என்கிறார்கள். ஒரே தலைமுறை, ஒரே குடும்பத்துச் சில்லுகளுக்குள் ஒப்பிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு, அதைத் தாண்டினால் கிடையாது. சில்லு தயாரிப்பு முறைக்குச் சொல்லும் நானோமீட்டர் கணக்கும் இதே கதைதான். '3 நானோமீட்டர்' என்பது சில்லுக்குள் இருக்கும் எந்த ஒரு பாகத்தின் நிஜ அளவும் அல்ல, தலைமுறைக்கு வைத்த பெயர். 2021-ல் இன்டெல் தன் 10 நானோமீட்டர் தயாரிப்பு முறையின் மேம்பட்ட வடிவத்துக்கு 'இன்டெல் 7' என்று பெயர் மாற்றியதே போதும், எண் எவ்வளவு சுதந்திரமாக நகரும் என்பதற்கு.

லேப்டாப் வாங்குபவர்கள் விழும் குழி இதைவிட ஆழம். என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 என்று ஒரு மேசைக்கணினி கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது, அதே பெயரில் லேப்டாப்புக்கும் ஒன்று இருக்கிறது. மேசைக்கணினி கார்டில் 16,384 கூடா கோர்கள் (கணக்குப் போடும் சிறு பகுதிகள்), 24 ஜிபி நினைவகம். லேப்டாப்பில் இருப்பது வேறு சில்லு, அதில் 9,728 கோர்கள், 16 ஜிபி நினைவகம். பெயரில் 'லேப்டாப்' என்ற ஒரு சொல் கூடுதலாக ஒட்டியிருக்கும், விளம்பரத்தில் அதைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். சரி, லேப்டாப்பை லேப்டாப்போடு ஒப்பிட்டால் பிரச்சினை தீருமா என்றால், அதுவும் இல்லை. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சில்லை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த மின்னளவிலும் ஓட்ட லேப்டாப் நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு, அதாவது ஒரே ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு லேப்டாப்புகளில் ஒன்று விளையாட்டை வெண்ணெய்போல் ஓட்டும், இன்னொன்று மெல்லிய உடம்புக்குள் மூச்சு வாங்கும். ஆகவே கார்டின் பெயரைப் பார்த்துவிட்டு விமர்சனத்தைத் தேடாதீர்கள், அந்த லேப்டாப் மாடலின் பெயரையே போட்டுத் தேடுங்கள், அதில் எத்தனை வாட் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்படியே ரேம் ஒரே துண்டாக இருக்கிறதா, இரண்டாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஒற்றைத் துண்டு 16 ஜிபியும் இரண்டு 8 ஜிபியும் பெட்டியில் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒற்றைத் துண்டில் நினைவகம் தரவை அனுப்பும் அகலம் பாதியாகிவிடும், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் அது கண்ணுக்கே தெரியும்.

ரேம் என்றதும் இன்னொன்று. 'ரேம் காலியாக இருக்க வேண்டும்' என்று செயலிகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி மூடுவது, அதற்கென்றே ஒரு கிளீனர் செயலி போடுவது. காலியாகக் கிடக்கும் ரேமால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை, இயங்குதளம் வேண்டுமென்றேதான் அதை நிரப்பி வைக்கிறது, அடுத்து நீங்கள் திறக்கும் செயலி சட்டென்று வரட்டும் என்று. மூடிவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும், அதற்குத்தான் பேட்டரி அதிகம் செலவாகும். 2016-ல் ஆப்பிளின் டிம் குக்கிடம் ஒரு வாடிக்கையாளர் இதை மின்னஞ்சலில் கேட்டபோது, ஆப்பிளின் மென்பொருள் பொறுப்பில் இருந்த கிரெய்க் ஃபெடரிகி பதில் எழுதினார், பேட்டரிக்காகச் செயலிகளை மூட வேண்டியதில்லை என்றார். ஆண்ட்ராய்டு பொறுப்பில் இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் அதையே வழிமொழிந்தார். செயலி உறைந்துபோனால் மூடுங்கள், அவ்வளவுதான்.

யுஎஸ்பி-சி என்பது ஓட்டையின் வடிவம், வேகம் அல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது போலிருக்கிறது. 2023-ல் வந்த ஐபோன் 15-ல் யுஎஸ்பி-சி இருந்தது, ஆனால் உள்ளே ஓடியது விநாடிக்கு 480 மெகாபிட் என்ற பழைய யுஎஸ்பி 2 வேகம். அதே ஓட்டை கொண்ட ப்ரோ மாடலில் 10 கிகாபிட். கேபிளிலும் இதே கதை, சார்ஜ் போட மட்டும் லாயக்கான கேபிளை வெளியே இணைக்கும் எஸ்எஸ்டி சேமிப்பகத்தில் செருகிவிட்டு 'எஸ்எஸ்டி மெதுவாக இருக்கிறது' என்று திட்டுவது வாடிக்கையாகிவிட்டது. பெயர்களும் உதவுவதில்லை: யுஎஸ்பி 3.0 என்றிருந்தது பின்னர் 3.1 ஜென் 1 ஆனது, அப்புறம் 3.2 ஜென் 1 ஆனது, மூன்றும் ஒரே 5 கிகாபிட்தான். எண்ணை விட்டுவிட்டு விநாடிக்கு எத்தனை கிகாபிட் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். (இன்டர்நெட் வேகமும் மெகாபிட்டில்தான் சொல்லப்படும், பதிவிறக்கம் மெகாபைட்டில் தெரியும். 100 மெகாபிட் இணைப்பில் 12.5 மெகாபைட் வந்தால் யாரும் உங்களை ஏமாற்றவில்லை, 8-ஆல் வகுத்திருக்கிறது. 1 டெராபைட் வட்டு விண்டோஸில் 931 ஜிபி என்று தெரிவதும் எண்ணும் முறை மாறுவதால்தான், திருட்டு இல்லை.)

டிவியும் மானிட்டரும்

இங்கேதான் நிறைய காசு வீணாகிறது என்பது என் அபிப்பிராயம். விநாடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, செருகி, 'ஆகா எவ்வளவு வழவழப்பு' என்று சொல்லிக்கொண்டு 60 ஹெர்ட்ஸிலேயே மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். விண்டோஸ் பல நேரம் தானாக 60-ல் விட்டுவிடும், திரை அமைப்புகளில் நாமே போய் மாற்ற வேண்டும். வாங்கிய அன்றே பாருங்கள்.

'எச்டிஆர் ஆதரவு' என்ற வார்த்தை இன்னும் மோசம். எச்டிஆர் என்பது வெளிச்சத்தையும் இருட்டையும் அகலமான வீச்சில் காட்டும் பட முறை. அந்தச் சிக்னலை வாங்கிக்கொள்ளத் தெரியும் என்பதுதான் அதன் குறைந்தபட்ச அர்த்தம், அதைக் காட்டத் தெம்பு இருக்கிறதா என்பது வேறு விஷயம். எச்டிஆர் படங்கள் பலவும் 1000 நிட்ஸ் பிரகாசத்தை மனதில் வைத்துத் தயாரிக்கப்படுகின்றன. 300 நிட்ஸ் கொடுக்கும் மலிவுத் திரை அதை வாங்கிச் சுருக்கி, சில நேரம் சாதாரணப் படத்தைவிட மங்கலாகக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு 'எச்டிஆர் எல்லாம் ஏமாற்று வேலை' என்று தீர்ப்பு எழுதுவது பாவம். திரைத் தரங்களை வகுக்கும் வேசா அமைப்பின் டிஸ்ப்ளே எச்டிஆர் 400 சான்றிதழுக்குக்கூடத் திரையைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதி கட்டாயமில்லை, ஆகவே அந்த முத்திரையைப் பார்த்தும் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். கியூஎல்இடி என்ற பெயரையும் ஓஎல்இடி என்ற பெயரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், முதலாவது பின்னொளி உள்ள எல்சிடி திரை, இரண்டாவதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும். பெயர் அவ்வளவு நெருக்கமாக இருப்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

அப்புறம் அந்த மோஷன் ஸ்மூத்திங். சினிமா விநாடிக்கு 24 சட்டகங்களில் எடுக்கப்படுகிறது, டிவி நடுவில் தானாகச் சட்டகங்களைக் கற்பனை செய்து நுழைக்கிறது, கோடி கோடியாய்ச் செலவழித்து எடுத்த படம் மெகா சீரியல் மாதிரி ஆகிவிடுகிறது. 2018-ல் டாம் குரூஸே வீடியோ போட்டு இதை அணைக்கச் சொன்னார். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

4கே என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 4கே என்பது புள்ளிகளின் எண்ணிக்கை, படத்தின் தரத்தில் அது ஒரு பாதி, ஒரு விநாடிக்கு எவ்வளவு தரவு வருகிறது என்பது மறுபாதி. நெட்ஃபிளிக்ஸ் 4கேவுக்கு 15 மெகாபிட் இணைப்பு போதும் என்கிறது. அல்ட்ரா எச்டி ப்ளூ-ரே வட்டில் அது 100 மெகாபிட்டுக்கு மேலேயும் போகலாம். இரண்டிலும் புள்ளிகள் ஒன்றே, ஆனால் இருட்டுக் காட்சியிலும் புகையிலும் மழையிலும் வித்தியாசம் தெரிந்துவிடும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஐரோப்பாவில் நெட்ஃபிளிக்ஸ் தன் போக்குவரத்தை 25 சதவீதம் குறைக்கத் தரவு வீதத்தைக் குறைத்தது, ஆனால் 4கே சந்தாக்காரர்களுக்கு 4கே என்ற பெயர் அப்படியே இருந்தது. சந்தாவில் உயர்ந்த திட்டம் எடுத்தும் படம் மங்கலாக இருந்தால் இணைப்பைத் திட்டும் முன் கருவியைப் பாருங்கள்: போனில் வைட்வைன் என்ற நகல் தடுப்பு முறையின் கீழ்நிலையான எல்3 மட்டுமே இருந்தால் பெரிய சேவைகள் பெரும்பாலும் எச்டியே தராது, கணினியில் எந்த பிரவுசரில் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தும் உச்சத் தரம் மாறும்.

'வாங்கிவிட்டேன்' என்று நினைப்பது

பொத்தானில் 'வாங்கு' என்று இருக்கிறது, நாம் வாங்குவது உரிமம். 2009-ல் அமேசான், விற்க உரிமை இல்லாதவர் ஏற்றிய சில மின்னூல்களை வாசகர்களின் கிண்டில் கருவிகளுக்குள்ளிருந்தே அழித்தது. பணம் திரும்பி வந்தது, மன்னிப்பும் வந்தது, ஆனால் அழிக்க முடியும் என்பது தெரிந்துபோனது. யூபிசாஃப்ட் 2014-ல் வெளியிட்ட 'தி க்ரூ' கார் விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31-ல் மூடியது. தனியாளாக ஆடும் பகுதிக்கும் சர்வர் தேவை என்று கட்டியிருந்ததால், வட்டு கையில் வைத்திருந்தவர்களுக்கும் விளையாட்டு போய்விட்டது. கலிஃபோர்னியாவில் 2025 முதல், உரிமம் மட்டுமே விற்கும் கடைகள் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே வந்திருக்கிறது, கணினி விளையாட்டுக் கடையான ஸ்டீமும் 2024-லேயே பணம் கட்டும் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டது. இதற்காக டிஜிட்டலில் எதையும் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சலுகை விலையில் கிடைக்கும் ஒன்றை நான்கு வருடம் ஆடிவிட்டு மறந்துபோவீர்கள் என்றால் உரிமம் போதும். நிரந்தரமாக வேண்டியது என்றால் வட்டிலோ, ஜிஓஜி போல பூட்டில்லாத நிறுவல் கோப்பு தரும் இடத்திலோ வாங்குங்கள். இணைப்பு இல்லாமல் இயங்குமா என்ற ஒரு கேள்வியை வாங்குவதற்கு முன் கேட்பது பெரிய வேலை இல்லை.

செய்தி படிக்கும்போது

'ஐந்து நிமிடத்தில் சார்ஜ், இருபது வருட ஆயுள்' என்ற பேட்டரிச் செய்தி ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். சோனி லித்தியம்-அயான் பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்தது 1991-ல், இன்றும் நம் பாக்கெட்டில் இருப்பது அதன் மெருகேறிய வாரிசுதான். ஆய்வகத்தில் நாணய அளவு மின்கலத்தில் நடந்ததைத் தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் செய்வது தனி யுத்தம். அதனால் செய்தியில் மூன்றே விஷயத்தைத் தேடுங்கள்: செய்தது மின்கலமா முழு பேட்டரியா, எத்தனை முறை சார்ஜ் செய்து பார்த்தார்கள், வேறு யாராவது அதைச் செய்து பார்த்தார்களா. 2023 ஜூலையில் எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பத்தில் மீக்கடத்தி (தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) என்று கொரியக் குழு ஒன்று கட்டுரை போட்டபோது இணையமே பறந்தது, சில வாரங்களில் மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தன, அதில் கலந்திருந்த செம்பு சல்ஃபைடு காட்டிய வேடிக்கை என்று தெரிந்தது. மூன்றாவது கேள்விக்குப் பதில் வரும்வரை பொறுத்தவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

டெமோ வீடியோவையும் பொருளாக எண்ண வேண்டாம். 2023 டிசம்பரில் கூகுள் தன் ஜெமினி ஏஐக்கு ஒரு வீடியோ வெளியிட்டது, பேசப் பேச ஏஐ பார்த்துப் பதில் சொல்வதுபோல் இருந்தது. நிஜத்தில் நிலைப்படங்களையும் தட்டச்சு செய்த கேள்விகளையும் கொடுத்துப் பெற்ற பதில்களை வெட்டி ஒட்டியது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். வேகச் சோதனையில் வரும் பெஞ்ச்மார்க் மதிப்பெண்ணும் அப்படித்தான்: 2013-ல் சாம்சங் கேலக்ஸி எஸ்4-ன் ஒரு வகையில், குறிப்பிட்ட சோதனைச் செயலிகள் ஓடும்போது மட்டும் கிராபிக்ஸ் சில்லு கூடுதல் வேகத்துக்குப் போனது கண்டுபிடிக்கப்பட்டது. 2022-ல் மறுபக்கம், விளையாட்டுகளை மெதுவாக்கிச் சோதனைச் செயலிகளை விட்டுவைத்ததால் கீக்பெஞ்ச் என்ற வேகச் சோதனை சில சாம்சங் போன்களைத் தன் பட்டியலிலிருந்தே நீக்கியது. அரை மணி நேரம் விளையாடிய பிறகு வேகம் எவ்வளவு என்று சொல்லும் விமர்சனம் ஒன்று, இப்படிப் பத்து மதிப்பெண்களுக்குச் சமம்.

விமர்சனத்திலும் தேதியையும் கருவியையும் பாருங்கள். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 விளையாட்டு வெளிவரும் முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது கணினிப் பதிப்பு மட்டும், மதிப்பெண்கள் கொட்டின, நம்பி முன்பதிவு செய்த பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) காரர்கள் கையில் கிடைத்தது வேறொன்று, சோனி அதைக் கடையிலிருந்தே ஆறு மாதம் எடுத்துவிட்டது. 2023-ல் 2.0 மேம்படுத்தல் வந்த பிறகு அதே விளையாட்டைப் பாராட்டாதவர் குறைவு. ஆனால் அந்த மேம்படுத்தல் பிஎஸ்4-க்கு வரவில்லை, அதனால் 'இப்போ நல்லா இருக்காமே' என்று கேட்பவரிடம் முதலில் அவர் எதில் ஆடப்போகிறார் என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.