கேமராவும் படமும் கெடுவது சும்மா இருக்கும்போதுதான்

வெளியே கொண்டுபோகும்போது கேமராவைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறோம். வீடு திரும்பியதும் பையோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் லென்ஸ் பாழாவது பெரும்பாலும் அந்த பீரோவுக்குள்தான்.

ஈரப்பதம் 60, 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்று, இருட்டும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். கேமரா பையின் ஸ்பாஞ்சு மழைக்கால ஈரத்தைக் குடித்துவிட்டு லென்ஸைச் சுற்றியே வைத்திருக்கும். தோல் உறை இன்னும் மோசம், தோலே பூஞ்சைக்குத் தீனி. பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க, லென்ஸைக் கழற்றி இரண்டு மூடிகளையும் எடுங்கள். பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சைச் சற்றுச் சாய்வாக அடித்து, முன்பக்கமாகப் பாருங்கள். தூசு புள்ளி புள்ளியாகத் தெரியும். பூஞ்சையோ சிலந்தி நூல் போல, கிளைவிட்டுப் படர்ந்திருக்கும். ஓரிரு இழை இருந்தால் படத்தில் ஒன்றும் தெரியாது, அதனால்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பூஞ்சை கக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிட்டால், பிறகு பிரித்துத் துடைத்தாலும் தடம் போகாது. இழையாக இருக்கும்போதே சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள். வெயிலில் காயவைக்கும் வேலை மட்டும் வேண்டாம். சூட்டில் உள்ளே இருக்கும் எண்ணெய் இளகி, ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் அப்பெர்ச்சர் தகடுகளில் ஏறும்.

அரிசிப் பானைக்குள் வைக்கும் பழக்கமும் இருக்கிறது. அரிசி ஈரத்தை இழுப்பது மிகக் குறைவு, அதன் மாவுத்தூள்தான் ஜூம் வளையத்துக்குள் போகும். ஈரம் படாமல் ஒழுங்காக வைக்கப் பெரிய செலவும் இல்லை. ரப்பர் விளிம்பு வைத்து இறுக்கமாக மூடும் 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் 100 கிராம், ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி, இவ்வளவு போதும். 10 லிட்டர் காற்று 30 டிகிரி வெப்பத்தில் முழு ஈரத்தோடு இருந்தாலும் அதிலுள்ள நீர் சுமார் 0.3 கிராம்தான். 100 கிராம் ஜெல்லுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அப்படியும் ஜெல் சீக்கிரம் நிறம் மாறினால், மூடி கசிகிறது, அல்லது வியர்வை ஊறிய வார், துணிப்பை, ஸ்பாஞ்சு ஏதோ டப்பாவுக்குள் போயிருக்கிறது. கேமராவையும் லென்ஸையும் மட்டும் வையுங்கள், பை வெளியே இருக்கட்டும்.

மானி 40 முதல் 50 வரை காட்டினால் நல்லது. புது ஜெல் 20 வரைகூட இறக்கிவிடும். அவ்வளவு வறட்சி ரப்பர் பாகங்களுக்கு ஆகாது, ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள். மலிவான மானியை அப்படியே நம்பவும் கூடாது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு ஜிப் கவரில் அடைத்து ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மானி 5 குறைத்துச் சொல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஆரஞ்சு நிற ஜெல் ஈரம் குடித்துப் பச்சையானதும், 110, 120 டிகிரி ஓவனில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அதை அடுப்படிக்கே கொண்டுபோகாதீர்கள், வாங்கும்போதே ஆரஞ்சாக வாங்குங்கள்.

ஏசி அறையிலிருந்து எடுத்த எடுப்பில் வெளியே கொண்டுபோனால் குளிர்ந்த கண்ணாடியில் நீர் பூத்துவிடும். ஏசி அறையிலேயே ஜிப் கவரில் போட்டு மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். கடற்கரையிலிருந்து வந்ததும், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் உடலைத் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை. லென்ஸ் கண்ணாடியை முதலில் புளோயரால், அதாவது காற்றடிக்கும் ரப்பர் பந்தால், ஊதாமல் துடைக்கவே கூடாது. ஒட்டியிருக்கும் மணல் துகள்தான் கீறுவது, துணியல்ல. மாதக்கணக்கில் எடுக்காத பேட்டரியை முழுச் சார்ஜில் வைக்காமல் பாதியில் வையுங்கள்.

இனி படங்கள். மெமரி கார்டைப் படங்களின் இருப்பிடமாக வைத்திருப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. வந்த அன்றே கணினிக்கு ஒரு பிரதி, வெளி ஹார்டு டிஸ்குக்கு ஒரு பிரதி. இரண்டிலும் கோப்புகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்த்து, சில படங்களைத் திறந்தும் பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்ய வேண்டும், அதுவும் கணினியில் அல்ல, கேமராவிலேயே. மூன்றாவது பிரதி வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். வெள்ளமோ திருட்டோ வந்தால் ஒரே மேசையில் இருக்கும் இரண்டும் சேர்ந்தே போகும்.

கேமரா கொடுக்கும் கோப்புப் பெயரை அப்படியே விடுவதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. எண் 9999 ஆனதும் மறுபடி 0001-இலிருந்து தொடங்கும். பழைய படமும் புதிய படமும் ஒரே பெயரில் ஒரே ஃபோல்டரில் சந்தித்தால், 'மாற்றவா?' என்று கணினி கேட்கும்போது அவசரத்தில் 'ஆம்' என்று அழுத்தியவருக்குப் பழையது போய்விடும். 2025-01-15-மாட்டுப்பொங்கல் என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் ஃபோல்டருக்குப் பெயர் வைத்தால் அது தானாகவே கால வரிசையில் நிற்கும். கேமராவின் கடிகாரத்தையும் சரிபாருங்கள். பேட்டரி தீர்ந்து நாளான கேமராவில் தேதி அழிந்திருக்கலாம்.

போனும் இணையக் கணக்கும் தானாக ஒத்துப்போகும் சிங்க்கைப் பேக்கப், அதாவது தனிப் பாதுகாப்புப் பிரதி, என்று நம்பிவிடாதீர்கள். போனின் கூகுள் ஃபோட்டோஸ் செயலியில் அழித்தால் இணையத்தில் இருக்கும் பிரதியும் அழியும். இடத்தை மிச்சப்படுத்தும் ஸ்டோரேஜ் சேவர் தேர்வில் இருந்தால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்களை அது சுருக்கியும் விடும். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் எடுக்கும் கேட்டலாக் பேக்கப்பில் படங்களே இருக்காது, நீங்கள் செய்த திருத்தங்களின் பதிவு மட்டும்தான். வாட்ஸ்அப்பில் படத்தைக் கேலரி வழியாக அனுப்பினால் சுருங்கும். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

படத்தைத் தவறி அழித்துவிட்டால், அந்த நொடியே அந்தக் கார்டில் படம் எடுப்பதை நிறுத்துங்கள். அழித்தது என்று கேமரா சொல்வது பட்டியலிலிருந்து நீக்கியதைத்தான், படம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். அதன்மேல் புதுப் படம் எழுதப்பட்டால்தான் மீட்க வழியில்லை. கார்டைக் கழற்றி, பக்கவாட்டில் இருக்கும் பூட்டை கீழே தள்ளி, கணினியில் செருகுங்கள். அழிந்த படங்களை மீட்கும் ஃபோட்டோரெக் மென்பொருள் இலவசம், அதுவே போதும். மீட்ட படங்களை அதே கார்டில் அல்ல, வேறு டிஸ்கில் சேமியுங்கள்.