சுழலின் நடுவை அல்ல, ஓரத்தைப் பாருங்கள்

கடற்சுழல் என்றதும், அடியில் ஏதோ துளை இருந்து தண்ணீரை உறிஞ்சுவதாகவே பலரும் நினைக்கிறார்கள். முதல் தவறு இதுதான். ஏரி மதகுக்கு மேலே சுழித்து இறங்கும் தண்ணீருக்கு அடியில் திறப்பு உண்டு. கடற்சுழலுக்கு அது தேவையே இல்லை. வேகமாக ஓடும் நீரும் மெதுவாக நகரும் நீரும் உரசும் இடத்தில் அது பிறக்கிறது.

ஜப்பானில் ஷிகோகு தீவுக்கும் அவாஜி தீவுக்கும் நடுவே நருட்டோ நீரிணை இருக்கிறது. அகலம் சுமார் 1.3 கிலோமீட்டர். பசிபிக்கிலிருந்து வரும் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்றம், அதன் தெற்கு வாயிலை நேராக எட்டிவிடுகிறது. வடக்கு வாயிலுக்கோ அவாஜியைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அதற்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். அது போய்ச் சேர்வதற்குள் தெற்கே நீர் வற்றியிருக்கும். இரு பக்க நீர்மட்டத்துக்கும் ஒன்றரை மீட்டர் வரை வித்தியாசம்! மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும் ஆறுபோலக் கடலே அந்த இடுக்கில் ஓடுகிறது, மணிக்கு 20 கிலோமீட்டர் வரை வேகத்தில். நடுவே பாய்ச்சல், கரையோரம் மந்தம். இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட நீர் சுழல்கிறது. பெரியவை 20 மீட்டர் விட்டம் வரை விரியும்.

வடகோளத்தில் எல்லாச் சுழலும் இடஞ்சுழியாகவே சுற்றும் என்பது அடுத்த தவறு. அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பி, கரண்டியைப் பாதி அமிழ்த்தி நேராக இழுத்துப் பாருங்கள். இடப்பக்கம் ஒரு சுழி, வலப்பக்கம் ஒரு சுழி, இரண்டும் எதிரெதிர்த் திசையில்! பாய்ச்சலின் இரு ஓரங்களிலும் நடப்பது அதுவே. பூமியின் சுழற்சி இவ்வளவு சிறிய நீர்ப்பரப்பில் மிக மெல்லிய விசை. 1962-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஆஷர் ஷாபிரோ அந்த விசையின் விளைவைத் தொட்டியில் காட்டியபோதுகூட, நீரை 24 மணி நேரம் அசையாமல் வைத்த பிறகே முடிந்தது.

நருட்டோவுக்குப் போகிறவர்கள் ஓத அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பிவிடாதீர்கள். ஓட்டம் திசை மாறும் வேளையில் கடல் சும்மா கிடக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களே நல்லவை.

நம் ஆறுகளில் செய்யும் தவறுதான் எனக்குக் கவலை தருகிறது. புனல்போலக் குழிந்த சுழியை மட்டும் தேடிவிட்டு, அது இல்லையென்றால் குளிக்க இறங்கிவிடுகிறோம். தடுப்பணையின் கீழே சுழல் படுத்த நிலையில் உருளும். விழும் நீர் அடியில் போய், மேலே அணைப் பக்கமே திரும்பி வரும். அங்கே ஒரு தென்னை மட்டை வெளியேற முடியாமல் புரண்டுகொண்டே இருந்தால், மனிதரையும் அந்த நீர் விடாது. இறங்காதீர்கள்.