உடைந்த கண்ணாடியின் விளிம்பைப் படித்தறியும் முறை

ஜன்னல் கண்ணாடி ஒன்று விரிந்துவிட்டால், பழி யார் மீது என்ற பேச்சே முதலில் எழுகிறது. ஆனால் விரிசல் எங்கே தொடங்கியது, எந்தத் திசையில் ஓடியது, ஏறத்தாழ எவ்வளவு தகைவில் (ஓர் அலகு பரப்பின் மீது செயல்படும் விசையில்) கண்ணாடி உடைந்தது என்ற விவரங்கள் முறிவுப் பரப்பிலேயே பதிந்திருக்கின்றன. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மில்லிமீட்டர் அளவுகோல், டார்ச் விளக்கு, கனமான கையுறை ஆகியவை இருந்தால் அவற்றை வீட்டிலேயே படித்துவிடலாம்.

இது கைகூடுவதற்குக் காரணம் கண்ணாடியின் உள்ளமைப்பு. ஒவ்வொரு சிலிக்கான் அணுவையும் நான்கு ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்து நான்முகி வடிவில் நிற்க, அந்த நான்முகிகள் மூலைக்கு மூலை இணைந்து, படிகத்தில் காணப்படும் ஒழுங்கு இல்லாத ஒரு வலைப்பின்னலாகின்றன என்று இயற்பியலாளர் சக்கரியாசென் 1932-இல் விளக்கினார். சாதாரண ஜன்னல் கண்ணாடியில் சேர்க்கப்படும் சோடா அந்த வலையைச் சில இடங்களில் அறுத்துவிடுவதால் அது குறைந்த வெப்பநிலையில் உருகுகிறது. உலோகத்தில் படிக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, விரிசல் முனையின் கூர்மையை மழுக்கிவிடும். கண்ணாடியில் வழுக்குவதற்கு அடுக்குகளே இல்லையாதலால், முனையில் குவியும் தகைவு முழுவதும் பிணைப்புகளை அறுப்பதிலேயே செலவாகிறது. கண்ணாடியின் வலிமையை நிர்ணயிப்பவை அதன் மேற்பரப்பிலுள்ள நுண்கீறல்களே என்பதை, கண்ணாடி இழைகளை இழுத்துப் பார்த்து 1921-இல் நிறுவியவர் ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித். எளிதில் உடைவதற்குக் காரணமான இதே அமைப்புதான் தடயத்தையும் தெளிவாக வைத்திருக்கிறது: படிகத் துகள்களின் எல்லைகள் குறுக்கே வராததால், விரிசலின் வேகமும் திசையும் மட்டுமே பரப்பில் எழுதப்படுகின்றன.

துண்டுகளைப் பெருக்கி அள்ளுவதற்கு முன், கிடந்தபடியே ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு துண்டுகளைச் சோப்பு நீரில் அலசி, ஒன்றோடொன்று உரசாதபடி சிறு இடைவெளி விட்டுத் தாளின் மீது வரிசையாக வையுங்கள். உடைந்த விளிம்புகளை மீண்டும் ஒட்ட வைத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. பார்க்க வேண்டிய தடயத்தை அதுவே சிதைத்துவிடும்.

விரிசல்கள் கிளை பிரியும் இடங்களைப் பாருங்கள். ஓடும் திசையில்தான் கிளைகள் விரியும். ஆகவே ஒவ்வொரு பிரிவிலிருந்தும் அடித்தண்டின் பக்கமாகப் பின்னோக்கி வந்தால் எல்லாப் பாதைகளும் தொடக்கப் புள்ளியில் சேரும். கிளையே இல்லாத ஒற்றை விரிசல் என்றால், முறிவுப் பரப்பின் மீது டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மெல்லிய வில் வடிவ வரிகள் தென்படும். வில்லின் உட்குழிந்த பக்கத்திலிருந்து புடைத்த பக்கத்தை நோக்கி விரிசல் ஓடியிருக்கிறது என்பது பொருள்.

தொடக்கப் புள்ளியை அடைந்ததும் கைலென்ஸை எடுங்கள். மேற்பரப்பை ஒட்டி, அரைவட்டமாக, பளபளவென்று ஒரு பகுதி இருக்கும். அதைச் சுற்றி மூச்சுக்காற்று பட்டாற்போல் மங்கலான ஒரு பட்டை, அதற்கு வெளியே விரிசல் ஓடிய திசையிலேயே நீளும் கரடுமுரடான வரிகள். வேகமெடுத்த விரிசல் நுண்ணிய கிளைகளாகப் பிரிய முயல்வதால்தான் பளபளப்பு மங்கத் தொடங்குகிறது. தொடக்கப் புள்ளியிலிருந்து மங்கல் பட்டையின் வெளி எல்லை வரையுள்ள ஆரத்தை, கண்ணாடியின் மேற்பரப்பை ஒட்டியே மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள்.

சாதாரண ஜன்னல் கண்ணாடியான சோடா சுண்ணாம்புக் கண்ணாடிக்கு, ஏறத்தாழ 63-ஐ அந்த ஆரத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் உடைந்த தருணத்துத் தகைவு மெகாபாஸ்கல் என்ற அலகில் கிடைக்கும். ஆரம் 1 மில்லிமீட்டர் என்றால் 63. 2 என்றால் 45. 4 என்றால் 32. ஐரோப்பியத் தரநிலை சாதாரணக் கண்ணாடியின் வளைவு வலிமையாக 45 மெகாபாஸ்கலை எடுத்துக்கொள்வதால், ஆரம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் கண்ணாடி தன் கடமையைச் செய்திருக்கிறது, சுமைதான் மிகுதி என்று சொல்லலாம். அதைவிடப் பெரிதாக இருந்தால் மேற்பரப்பிலோ விளிம்பிலோ இருந்த பழைய சேதத்தின் மீது சந்தேகம் திரும்ப வேண்டும். பளபளப்பு தடிமன் முழுவதையும் நிறைத்து எல்லையே தெரியாவிட்டால், மிகக் குறைந்த தகைவில் உடைந்திருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

யாரும் தொடாதபோது விரிந்த கண்ணாடியிலும் இதே கணக்கு பொருந்தும். தொடர்ந்து இழுவிசையில் இருக்கும் கீறலின் முனையில், காற்றிலுள்ள நீர் மூலக்கூறு சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பைத் தாக்கி அறுப்பதால், விரிசல் மாதக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் வளரக்கூடும். எனவே கடைசியாக நடந்த நிகழ்வையே காரணமாகக் கொள்வது பெரும்பாலும் அவசர முடிவு.

வெயிலால் விரிந்ததா, வளைந்து உடைந்ததா என்பதையும் பிரித்தறியலாம். நடுப்பகுதி சூடேறி, சட்டத்துக்குள் மறைந்த விளிம்பு குளிர்ந்திருந்தால், விரிசல் விளிம்புக்கும் கண்ணாடியின் முகப்புக்கும் செங்குத்தாகத் தொடங்கிச் சற்று தூரம் போனபின் வளைந்து அலையும். வளைவினால் உடைந்திருந்தால், முறிவுப் பரப்பு ஒரு முகத்தருகே உதடு போலச் சுருண்டிருக்கும். அந்த முகமே அமுக்கத்துக்கு உள்ளான பக்கம். தொடக்கப் புள்ளியை அதற்கு எதிர் முகத்தில் தேட வேண்டும்.

டஃபன்ட் கண்ணாடிக்கு (வெப்பத்தால் வலுவூட்டிய கண்ணாடிக்கு) மேற்கண்ட கணக்கு செல்லாது. ஏறத்தாழ 620 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிக் காற்றால் சட்டென்று குளிர்விப்பதால், அதன் இரு மேற்பரப்புகளும் அமுக்கத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் உறைந்துவிடுகின்றன. உட்பகுதியை ஒரு விரிசல் எட்டியவுடன் முழுத் தகடும் சிறு துண்டுகளாகச் சிதறுகிறது. துண்டுகள் சட்டத்திலேயே தங்கியிருந்தால் மட்டும், பட்டாம்பூச்சியின் இறக்கைகள் போல ஒரு விளிம்பைப் பகிர்ந்துகொண்ட, மற்றவற்றைவிடப் பெரிய இரு பலகோணத் துண்டுகளைத் தேடுங்கள். அவற்றுக்கு இடைப்பட்ட பரப்பில், தடிமனின் நடுப்பகுதியில், மிகச் சிறிய கருமணி தெரிந்தால் அது பெரும்பாலும் தயாரிப்பின்போதே கண்ணாடியில் கலந்துவிட்ட நிக்கல் சல்பைடு என்ற மாசு. சட்டென்று குளிர்ந்தபோது மாறாமல் சிக்கிக்கொண்ட அதன் படிக வடிவம் பின்னர் மெல்ல மாறிப் பருமனில் 2 முதல் 4 சதவீதம் பெருத்துச் சுற்றியுள்ள கண்ணாடியைப் பிளக்கிறது. அந்த மணி இருந்தால் பயன்படுத்தியவரைக் குறை சொல்வதற்கு இடமில்லை. ஆய்வகத்தில் உறுதிசெய்ய வேண்டுமானால் அவ்விரு துண்டுகளையும் தனித்தனியே பஞ்சில் சுற்றி எடுத்து வையுங்கள்.

சாதாரணக் கண்ணாடியில் தொடக்கப் புள்ளி வெட்டு விளிம்பில் சிப்பி போலப் பெயர்ந்த இடத்தில் அமைந்திருந்தால், மாற்றுக் கண்ணாடியை விளிம்பு தேய்த்து மெருகிட்டுத் தருமாறு கடையில் கேளுங்கள். கண்ணாடி நேரடியாக உலோகச் சட்டத்தில் உட்காராமல், அடியில் ரப்பர் கட்டை வைத்தே பொருத்தச் சொல்லுங்கள்.