சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் மிஞ்சிய சோறும் கெட்ட வயிறும்

சர்க்கரை நோயாளிக்கு எதை எவ்வளவு கொடுப்பது என்பதில் காட்டும் அக்கறையை, சமைத்தது எத்தனை மணி நேரம் வெளியில் கிடந்தது என்பதிலும் காட்ட வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் கூடியிருந்தால் வெள்ளணுக்களின் எதிர்ப்பு தளர்கிறது; இரைப்பையை இயக்கும் நரம்புகளும் பாதிக்கப்பட்டிருந்தால், உணவு அங்கேயே வெகுநேரம் தங்குவது கிருமிகளுக்கு வசதியாகிவிடுகிறது.

முதலில் சோறு. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சமைக்கும் சூட்டுக்குத் தப்பிவிடும். வெந்த சோறு வெளியிலேயே கிடந்தால் அவை முளைத்து, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சுரக்கின்றன. அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது என்பதால், 'நன்றாகச் சுட வைத்துவிட்டேன்' என்ற சமாதானம் இங்கே செல்லாது. மிஞ்சிய சோற்றை அகன்ற தட்டில் பரப்பி ஆறவிட்டு, வடித்த 2 மணி நேரத்துக்குள், கடும் வெயில் நாளென்றால் 1 மணி நேரத்துக்குள், 5 டிகிரி செல்சியசுக்குக் கீழுள்ள ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளே தீர்த்துவிட வேண்டும். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காததாக மாறுவது உண்மைதான். ஆனால் அந்தச் சிறு நன்மைக்காக, இரவெல்லாம் வெளியில் இருந்த சோற்றைச் சர்க்கரை நோயாளிக்கு, அதிலும் சிறுநீரகம் பாதித்தவருக்குக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

சர்க்கரைக்கு நல்லதென்று பச்சையாக உண்ணப்படும் முளைகட்டிய பயறும் ஆபத்தானதே, ஏனெனில் பயறு முளைக்கும் அதே ஈரத்திலும் சூட்டிலும் சால்மோனெல்லாவும் பெருகும். ஆவியில் நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும். அரைவேக்காட்டு முட்டையையும் காய்ச்சாத பாலையும் விட்டுவிடலாம்.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்துவிட்டால், சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினைத் தாமாக நிறுத்தக் கூடாது. அளவை மாற்றுவதையும், மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளை நிறுத்திவைப்பதையும் அன்றே மருத்துவரிடம் கேட்க வேண்டும். 4 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது சர்க்கரையைப் பார்த்து, டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். ஓஆர்எஸ் எனும் உப்பு-சர்க்கரைக் கரைசலில் சர்க்கரை இருக்கிறதே என்று அஞ்சுவோர் பலர், லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் அதில் இருக்கிறது, உப்பையும் நீரையும் குடல் உறிஞ்ச அது தேவை. இளநீரில் பொட்டாசியம் மிகுதி என்பதால் சிறுநீரகம் பழுதானவருக்கு மருத்துவரைக் கேட்காமல் தரக் கூடாது.

குடித்த நீரும் தங்காமல் வெளியேறினாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, பேச்சில் தடுமாற்றம் வந்தாலோ, சர்க்கரை அளவு சரியாகவே இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.