பழைய டைரக்டரியில் வேலூர்க் கட்டடங்களைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டைரக்டரி என்பது மாவட்ட வாரியாகப் பதவிகளையும் அவற்றில் இருந்தவர்களின் பெயர்களையும் பட்டியலிட்டு ஆண்டுதோறும் அச்சான புத்தகம். அதைப் புரட்டும்போது பக்க எண் குறிக்க மறப்பது, பெயரைத் தப்பாகப் படிப்பது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படிச் சரியாவதில்லை.

1911-ஐ மறப்பது

1911-இல் சித்தூர் மாவட்டம் பிரியும் வரை வேலூர் அடங்கிய வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர் சித்தூர்தான். அதன் பிறகே வேலூர். சென்னையில் அச்சான டைரக்டரிகளில் ஒன்றான அசைலம் பிரஸ் ஆல்மனாக்கின் 1905-ஆம் ஆண்டுப் பதிப்பில் கலெக்டரை வேலூரில் தேடிப் பயனில்லை. மாவட்டத் தலைப்பிலிருந்து தொடங்குங்கள்.

ஆளின் பெயரைக் கட்டடத்தின் மேல் ஒட்டுவது

ஆபீசர்ஸ் லைனில் ஒரு பழைய பங்களா. நீதிபதி ஒருவர் இருந்த வீடு என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். டைரக்டரியில் அந்தப் பதவிக்கு நேரே ஒரு பெயர் கிடைக்கும். உடனே "இன்னார் கட்டிய வீடு" என்று எழுதிவிடுகிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் கோபம் வருவது இதற்குத்தான். ஒருமுறை அச்சேறிவிட்டால் அடுத்தவர் அதையே ஆதாரமாகக் காட்டுவார்; பிறகு பிடுங்கி எறிய முடியாது.

அந்த வரி சொல்வது, தகவல் திரட்டியபோது அவர் அந்தப் பதவியில் இருந்தார் என்பதை மட்டும். எந்த வீடு, சொந்தமா வாடகையா என்பதெல்லாம் அதில் கிடையாது. மாற்றலாகிப் போகிறவர் வீடு கட்டியிருப்பார் என்று எப்படிச் சொல்வது?

முன்பின் ஐந்து ஆண்டு டைரக்டரிகளைப் புரட்டி, பெயர் எப்போது வருகிறது, எப்போது மறைகிறது என்று குறியுங்கள். பிறகு கட்டடத்தின் பக்கமிருந்து பின்னோக்கிப் போங்கள்: இன்றைய டி.எஸ். எண் (நகர நில அளவை எண்), நகர நில அளவைப் பதிவேடு, சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று, அதில் வரும் பத்திரங்களின் நகல். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குத் தனியாக மனுப் போட வேண்டும். பத்திரத்தில் கதவிலக்கத்தை நம்பாதீர்கள், அது மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நான்கெல்லையைப் படியுங்கள். வடக்கே இன்னார் வீடு என்றிருந்தால், அந்த வீட்டுப் பத்திரத்தையும் எடுத்து, அதன் தெற்கெல்லையில் நம் வீட்டுக்காரர் பெயர் வருகிறதா என்று பாருங்கள். குடியிருந்தவர் பெயரும் கட்டடமும் ஒரே ஆவணத்தில் சேரும் வரை, "அவர் வேலூரில் பணியாற்றினார்" என்பதோடு நிறுத்துங்கள்.

ஆண்டு

அட்டையில் 1912 என்றால் உள்ளே பெரும்பாலும் 1911 நிலவரம்.

சைதாப்பேட்டை

வேலூரிலும் உண்டு, சென்னையிலும் உண்டு. பக்கத் தலைப்பைப் பார்த்த பிறகே குறிப்பெடுங்கள்.

ஊர்ப்பெயரின் பழைய எழுத்து

ஆரணி 'ஆர்னீ' என்றும் வந்தவாசி 'வாண்டிவாஷ்' என்றும் அச்சாகியிருக்கும். ஸ்கேன் பிரதியில் சொல்லைத் தட்டித் தேடிவிட்டு, இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். மாவட்டப் பகுதி முழுவதையும் கண்ணால் படித்தாக வேண்டும்.